முனகாத இடம்

கடலோர உப்புநீர்க் களப்பும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்த காலை. எது தண்ணீர், எது பனிமூட்டம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இடுப்பளவு நீரில் நடந்த சவிரிமுத்துவுக்கு மேகத்துக்குள் நடப்பது போலவே இருந்தது.

போர் முடிந்த பிறகும் களப்பின் சேற்றுக்குள் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன. ஐம்பது வயதுவரை மீன்பிடித்த சவிரிமுத்து இப்போது அவற்றைத் தேடும் வேலைக்கு வந்திருந்தார். கற்றுக்கொடுத்தவள் தவமலர், அவரைவிட மிகவும் இளையவள். அதனால் என்ன, அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

நீண்ட தடியின் நுனியில் ஒரு வளையம். அதில் மின்சாரம் ஓடினால் சேற்றுக்குள் இருக்கும் உலோகம் விழித்துப் பதில் சொல்லும். உப்புத் தண்ணீரும் சும்மா இருக்காது, அதுவும் ஏதாவது பேசும். ஆகவே தொடங்குமுன் சுத்தமான ஓரிடத்தில் வளையத்தைத் தாழ்த்தி, இதுதான் வெறும் கடல், இதற்கு வாய் திறக்காதே என்று கருவியைப் பழக்க வேண்டும். அதிலிருந்து எது மாறினாலும் கருவி முனகும்.

அன்று அது ஓயாமல் முனகியது. சவிரிமுத்து அலுத்துப்போய் தவமலரின் தோணியருகே வந்தார்.

"டீச்சர், கடல் முழுக்க முனகுது. இதுக்குள்ளை வெடியை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"எங்கையுமே அடங்கேல்லையோ?"

"ஓரிடத்திலை மட்டும் சத்தமே இல்லை. எங்கடை பழைய வள்ளத்துறை. சிறகுவலை கட்ட அங்கை தடி நாட்டலாமெண்டு தம்பியிட்டைச் சொல்லிப்போட்டன். வள்ளத்தோடை அங்கைதான் நிக்கிறான்."

மூட்டத்துக்குள்ளிருந்து தடி சீவும் சத்தம் மெல்லக் கேட்டது.

தவமலர் எழுந்து நின்றாள். "கருவியை எங்கை வைச்சுப் பழக்கினனீங்கள், அண்ணை?"

"அங்கைதான். பிறந்ததிலையிருந்து நான் குளிச்ச இடம். அதைவிடச் சுத்தமான இடம் எனக்குத் தெரியாது."

"தம்பியை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

சவிரிமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது. அங்கே அடியில் வெடி இருந்தால், கருவி அந்த வெடியையே வெறும் கடல் என்று பழகியிருக்கும். அவர் மூட்டத்தை நோக்கிக் கத்தினார்.

"மத்தியாஸ், தடியை நாட்டாதை. வள்ளத்திலையே இரு."

சீவும் சத்தம் நின்றது.

தவமலர் கருவியை வெகுதூரம் கொண்டுபோய் ஓரிடத்தில் பழக்கி, பிறகு இன்னோர் இடத்திலும் வைத்துச் சரிபார்த்தாள். இப்போது கடல் அடங்கிவிட்டது. அவள் முன்னே நடக்க அவர் பின்னே நடந்தார். துறையை நெருங்கியதும் கருவி முனகியது, பிறகு அலறியது.

அவள் வளையத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலும் எப்படி அடங்குகிறது என்று கவனித்தாள்.

"தகரமெண்டால் உடனை அடங்கும். இது ஆறுதலா அடங்குது. தடிச்ச இரும்பு ஓடு. வெடிதான்."

சிவப்பு மிதவையொன்றை விட்டாள். மத்தியாஸ் துடுப்பைத் தொடாமல், இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வள்ளத்தை விலக்கினான். மடியில் கூராகச் சீவிய தடி கிடந்தது. அவன் கண்ணுக்கு மறையும்வரை சவிரிமுத்து மூச்சுவிடவில்லை.

"என்ரை கையாலையே அவனைக் கொல்லப் பார்த்தன்" என்றார்.

தவமலர் கருவியை அணைத்துத் தோளில் சாய்த்தாள்.

தோணிக்குத் திரும்பும்போது அவர் கேட்டார்.

"அந்த இடத்தையே நம்பேலாதெண்டால், இனி எந்த இடத்தை நம்பித் தொடங்கிறது?"

"எனக்கும் தெரியாது, அண்ணை. அதாலைதான் நான் ரெண்டு இடத்திலை தொடங்கிறனான்."