கொதிக்கும் கூரை

“இந்தக் கட்டடத்தை வெச்சுக்கிட்டு நான் என்னதான்மா செய்யறது?”

தெய்வசிகாமணி கேட்டார். ஆசிரமத்து முதியோர் இல்லத்தின் கட்டடப் பொறுப்பு அவருடையது. கேட்கப்பட்டவர் ஆசிரமத் தலைவி யோகாம்பாள். அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் குரு.

சித்திரை வெயில். மாடியில் பழைய ஏசிகள் கரண்டைக் குடித்தன, குளிர் தரவில்லை. மதியமானால் ட்ரிப் ஆகி மொத்தமும் நின்றது.

“விசாரிச்சீங்களா?”

“விசாரிச்சேன். ஏசி விக்கிறவர் ஏசியை மாத்தணும்கிறார். சோலார் விக்கிறவர் சோலார் போடணும்கிறார். பெயின்ட்காரர் வெயில் இறங்காம கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிச்சாலே போதும்கிறார்.”

“இன்னொருத்தரைக் கேளுங்க.”

கேட்டார். திரும்பி வந்தார்.

“முதல்ல ஆய்வு பண்ணணுமாம்.”

“பண்ணுங்க.”

பண்ணினார். திரும்பி வந்தார்.

“மூணுமே நல்லதாம். எதை முதல்ல செய்யறதுன்னு நிர்வாகம்தான் முடிவு பண்ணணுமாம்.”

“கமிட்டியைக் கூட்டுங்க.”

கூட்டினார். ஒருவர், சோலார் என்றால் ரோட்டிலிருந்தே தெரியும் என்றார். ஒருவர், மின்சார பில் எத்தனை வருஷத்தில் குறையும் என்றார். ஒருவர், மழை வரட்டும் என்றார். எல்லோரும் காபி குடித்தார்கள்.

மறுநாள் மதியம் மாடியில் தங்கியிருந்த பாப்பம்மாள் என்ற மூதாட்டி மயங்கி விழுந்தார்.

யோகாம்பாள் ஓடி வந்து, அந்த அம்மாளைக் கீழே தன் அறையிலேயே படுக்க வைத்தார். டாக்டர் வந்து பார்த்தார். மூச்சு சீரானது. நெற்றியில் ஈரத்துணியை மாற்றியபடி குரு அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

சிகாமணி வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது.

“போதும்மா. இனி ஒருத்தரையும் கேக்க மாட்டேன். உங்களையும் சேர்த்துத்தான்.”

குரு துணியைப் பிழிந்தார்.

“கேளு, கேளுன்னு நீங்களும் என்னை அலைய விட்டீங்க. கூரை கொதிக்குது. கை வெச்சுப் பாத்தாலே தெரியுது, ஆய்வு எதுக்கு? நாளைக் காலையில பூச்சு அடிக்க ஆள் வருது. மத்ததெல்லாம் அப்புறம்.”

“கமிட்டி?”

“சொல்லிக்கறேன்.”

“குளிராம போச்சுன்னா?”

“என்னைத் திட்டட்டும்!”

யோகாம்பாள் முதன்முறையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“இத்தனை நாளும் யாரைத் திட்டுறதா இருந்துச்சு?”





சிகாமணி, கூரைக்கு ஏற ஏணி எங்கே இருக்கிறது என்று பார்க்கப் போனார்.