மணியடித்த பை

ஒரு மனிதரின் அடிவயிற்றில் ஒரு மூத்திரப்பை குடியிருந்தது. அதற்கு இருந்தது ஒரே வேலை. வந்து சேரும் நீரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், நிறைந்ததும் மணி அடிக்க வேண்டும். மனிதர் பெயர் பஞ்சாபகேசன், தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மணி அடித்தால் எழுந்து போவார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேப்பர் படிப்பார். இருவருக்கும் நடுவே ஒரு மனஸ்தாபம் வந்ததில்லை.

சமீப காலமாகத்தான் பைக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நிறைந்துவிட்டது என்று அது மணி அடிக்கும். அவர் அரக்கப் பரக்க ஓடுவார். போய் நின்றால் வாசல் சுலபத்தில் திறக்காது. முக்கி முனகி ஏதோ சொட்டும். வந்து உட்கார்ந்து வேட்டியைச் சரி செய்வதற்குள் மறுபடி மணி. தான் நிறைந்திருக்கிறோமா, காலியாக இருக்கிறோமா என்று பைக்கே தெரியவில்லை. வேலையே மறந்துவிட்டதோ என்று அதற்குப் பயம் வந்தது.

வாசற்குழாயைச் சுற்றி மோதிரம் போல உட்கார்ந்திருந்த புரோஸ்டேட் சுரப்பியிடம் சண்டைக்குப் போனது. “நீ பெருத்துப் போய் வழியை அடைச்சுண்டிருக்கே” என்றது.

சுரப்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. வயசானால் தலை நரைக்கிறது, அதை யாராவது குற்றம் சொல்கிறார்களா? அதுபோலத்தான் தானும் வளர்ந்ததாம். தும்மினால் மணி, குழாய்ச் சத்தம் கேட்டால் மணி என்று ஊரைக் கூட்டுவது பைதானே என்று திருப்பிக் கேட்டது. இரண்டும் சொல்வது சரியாகவும் இருந்தது, தப்பாகவும் இருந்தது.

விஷயத்தை மனிதரின் வாய்க்குச் சொல்லி, வாய் டாக்டருக்குச் சொன்னால் தீரும் என்று பை நினைத்தது. ஆனால் தொண்டையில் வழியை மறித்துக்கொண்டு கூச்சம் உட்கார்ந்திருந்தது. வெள்ளை வேட்டியும் விபூதியுமாகப் பார்வைக்குப் பெரிய மனிதத் தோரணை.

“இதெல்லாம் நாலு பேர் காதுல போட்டுக்கிற சமாசாரமா? போ கீழே” என்று அது விரட்டிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் பெண் மைதிலிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நிச்சயதார்த்தத்தன்று சாஸ்திரிகள் லக்னப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பை மணி அடித்துவிட்டது. பஞ்சாபகேசன் பாதியில் எழுந்து ஓடினார். மாப்பிள்ளையின் அப்பா கிருபாநிதி, அவர் போவதையும் வருவதையும் கண் கொட்டாமல் பார்த்தார். அந்தப் பார்வையில் பஞ்சாபகேசன் கூனிக் குறுகிப் போனார். பையும்தான்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. கன்னிகாதானத்தின்போது பெண்ணை மடியில் உட்கார்த்திக்கொள்ள வேண்டும். அத்தனை பாரமும் பையின் மேல் இறங்கும். போதாக்குறைக்கு மனைவி தர்மா கைமேல் தண்ணீர் விட, தாரை வார்க்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் என்ன ஆகுமென்று அவருக்குத் தெரியும். பெண்ணை இறக்கி வைத்துவிட்டு ஓடும் அப்பாவை யாராவது பார்த்திருக்கிறார்களா?

அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். முகூர்த்தம் முடியும்வரை பெண்ணைப் பெற்றவர்கள் விரதம் இருப்பார்கள் அல்லவா, அதை இப்போதே பழகிப் பார்ப்பது என்று தண்ணீரை நிறுத்தினார். காபியை நிறுத்தவில்லை. அவர் வீட்டில் காபி எந்த விரதத்திலும் சேர்த்தியில்லை. டம்ளர் டம்ளராக உள்ளே போயிற்று.

பை திணறிப் போயிற்று. வந்தது கொஞ்சம்தான், அதுவும் காரமாக எரிந்தது. வெள்ளமா வறட்சியா என்று தெரியாமல் அது முன்னைவிட அதிகமாக மணி அடித்தது. சுரப்பியே இரக்கப்பட்டு, எனக்கும் ஒண்ணும் புரியலை என்றது.

கடைசியில் பஞ்சாபகேசன் தர்மாவிடம், தன் முழங்கால் சரியில்லை, தம்பியும் அவன் மனைவியும் கன்னிகாதானம் செய்து கொடுக்கட்டும் என்று மென்று முழுங்கினார். உள்ளேயிருந்து கேட்ட மைதிலி வந்து எதிரில் நின்றாள்.

“அப்பா, நீங்க இருக்கறச்சே நான் ஏன் சித்தப்பா மடியில உக்காரணும்?”

முழங்கால் என்று மறுபடி சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். கூச்சமும் அந்தப் பொய்யைத் தயாராக எடுத்து நீட்டியது. ஆனால் பெண்ணின் கண் நிறைந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

“என்னால அவ்வளவு நாழி அடக்க முடியாதுடி” என்று சொல்லிவிட்டார். சொன்னபின் குழந்தை மாதிரி அழுதார்.

மைதிலி சிரிக்கவில்லை. மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார், ரத்தமும் நீரும் சோதித்தார், ஸ்கேன் எடுத்தார். வேறு விபரீதம் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு நிதானமாக விளக்கினார். சுரப்பி வளர்ந்து வழி குறுகியிருக்கிறது. குறுகிய வழியில் தள்ளித் தள்ளிப் பை முரடாகி, தொட்டதற்கெல்லாம் பதறுகிறது. போய்விட்டு வந்தபின்னும் உள்ளே பாதி தங்கிவிடுகிறது.

பைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. நிறைந்தும் இருந்தோம், காலியாக்கியும் பார்த்தோம், இரண்டும் பொய்யில்லை.

வழியைத் தளர்த்த ஒரு மாத்திரை முதலில் வந்தது. நீர் தங்குவது குறைந்ததைப் பார்த்துவிட்டு, பையைச் சாந்தப்படுத்த இன்னொன்று கொடுத்தார். மணி அடித்தவுடன் ஓடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடவும் பழக்கினார். காபியைக் குறையுங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள் என்றார். சாஸ்திரிகளைக் கேட்டால், விரதத்துக்குத் தண்ணீர் தோஷமே இல்லை, காபிதான் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை என்று அவரும் சொன்னார்.

முகூர்த்த நாள் வந்தது. மைதிலி மடியில் உட்கார்ந்தாள். தர்மா சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் பையின் கை பழக்கதோஷத்தில் மணிக்குப் போயிற்று. “இரு, பொறு” என்றது சுரப்பி. பை பொறுத்தது. தாலி ஏறியது. பஞ்சாபகேசன் எழுந்திருக்கவில்லை.

வேலையில்லாமல் போன கூச்சம் பந்தலில் சுற்றிப் பார்த்தது. கெட்டிமேளம் ஓய்ந்ததும் கிருபாநிதி, போன் வந்தது என்று யாரிடமோ சொல்லிவிட்டு வேக வேகமாக நடந்தார். அவர் கையில் போன் இல்லை. வெகுநேரம் கழித்து வெளியே வந்தவரைக் கழிவறை வாசலில் பஞ்சாபகேசன் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தி, எனக்கும் இது இருந்தது. டாக்டர்கிட்ட நானே கூட்டிண்டு போறேன்.”

கிருபாநிதி நாலு புறமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நிச்சயதார்த்தத்தன்னிக்கு நீங்க எழுந்து போனேளே, எனக்குப் பொறாமையா இருந்தது. நான் வேட்டியை நனைச்சுண்டு உக்காந்திருந்தேன்.”