பிடுங்கிப் பார்த்த குச்சி

முன்பொரு காலத்தில், கண்ணுக்கெட்டிய மட்டும் புல்லாகவே கிடந்த ஒரு மேட்டு நிலத்துக்குப் பாவாயியும் அவள் புருஷன் செங்கோடனும் கைக்குழந்தையோடு குடிவந்தார்கள். அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ளக் காற்று மட்டும்தான். மேகத்தின் நிழல் புல்மேல் நகரும்போது, குடிசையே எங்கோ மிதந்து போவதுபோல் பாவாயிக்குத் தோன்றும்.

கொஞ்சம் புல்லை உழுது சோளம் விதைத்தார்கள். ஆடுமாடு புகாமலிருக்க, தொலைவிலிருந்து கிளுவைக் குச்சிகளை வெட்டிவந்து சுற்றிலும் நட்டான் செங்கோடன். வேர் பிடித்தால் தலைமுறைக்கும் நிற்கும் உயிர்வேலி அது.

பாவாயிக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. விடிந்ததும் வாசலோரத்து முதல் குச்சியைப் பிடுங்குவாள். அடியை உற்றுப் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி குத்திவைப்பாள்.

“வலிக்கவில்லையா?” என்று கேட்டது காற்று.

“வலிக்காமல் என்ன? நேற்று ஒரு வெள்ளை நுனி விட்டிருந்தேன். அதுவும் போயிற்று,” என்றது குச்சி.

“நாளைக்கு என்னைப் பிடுங்கட்டுமே,” என்றது பக்கத்துக் குச்சி.

“நீ சும்மா இரு. கிட்டத்தில் நான் இருக்கும்வரை அவள் தள்ளிப் போகமாட்டாள். நீங்களெல்லாம் மண்ணுக்குள் உங்கள் வேலையைப் பாருங்கள்.”

ஒரு மழையும் பெய்து ஓய்ந்தது. அன்று பிடுங்கிய குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே பாவாயி அழுதாள்.

“ஏனுங்க மாமா, ஒரு குச்சியவே ஏத்துக்காத மண்ணு நம்மள எங்கீங்க ஏத்துக்கும்? எங்கம்மா ஊட்டுக்கே போயிரலாமுங்க.”

செங்கோடனுக்கும் மனசு விட்டுப்போயிற்று. “செரி புள்ள, வண்டியப் பூட்டறேன். மத்த குச்சியையும் புடுங்கிப் போடு. வழியில அடுப்பெரிக்க ஆவும்.”

பாவாயி அடுத்த குச்சியை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். உள்ளேயிருந்து யாரோ கெட்டியாகப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அதற்கடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

“மாமா! வண்டிய அவுத்துருங்க! எல்லாமே புடிச்சிருக்குதுங்க!”

சிரிப்பும் அழுகையுமாக அவள் அந்த முதல் குச்சியைத் திரும்பவும் ஊன்றப் போனாள். அது காய்ந்துபோயிருந்தது. தான் செய்த காரியம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்பில் வைக்க மனம் வரவில்லை. சேலைத் தொட்டிலை விரித்துப் பிடிக்கும் கட்டையாக அதைக் குறுக்கே செருகினாள்.

அந்தியில் காற்று உள்ளே எட்டிப் பார்த்தது. “ஐயோ பாவம், உனக்கு மட்டும் வேர் வாய்க்கவில்லையே!”

“மெல்லப் பேசு,” என்றது குச்சி. “பிள்ளை தூங்குகிறது.”