கரையில் நின்ற பையன்

ஐப்பசி அடைமழை உப்பளங்களையெல்லாம் ஒரே தண்ணீர்ப் பரப்பாக ஆக்கியிருந்த காலம். பிற்பகல் மூன்று மணிதான் இருக்கும். அதற்குள்ளாகவே விளக்கேற்ற வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் பரஞ்சோதி ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்தபடி ஆசிரியையின் அறை வாசலில் வந்து நின்றார்.

ஆசிரியை நல்லம்மைக்கு வயது முப்பத்தைந்து. மாணவர் பரஞ்சோதிக்கு அறுபது கடந்துவிட்டது. கடலோரத்தில், உப்பளங்களுக்கு நடுவே இருந்த அந்தச் சிறிய தியான இல்லத்தில் இதை விந்தையாக எண்ணுவார் எவருமில்லை. அவர் ஆசிரியையை அம்மை என்பார். ஆசிரியை அவரை ஐயா என்பார்.

"உள்ள வாங்க. பை நனையுது."

"உள்ள இருக்கறது நனையாது, அம்மை. நல்லா சுத்தியிருக்கேன்."

"நீங்க நனையறீங்களே."

பரஞ்சோதி உள்ளே வந்து பாயில் அமர்ந்தார். பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்தார். தாள்கள் பழுத்திருந்தன. அட்டையில் முகமூடி அணிந்த ஒருவன், தோளில் நீளமான துணி பறக்க, நின்றுகொண்டிருந்தான்.

"ஒரு கேள்வி இருக்கு," என்றார்.

"கேள்வி இருக்கறது உங்க முகத்துல ஒரு வாரமாத் தெரியுது. கேளுங்க."

பரஞ்சோதி தொடங்கினார்.

அவருக்குப் பத்து வயதானபோது, கப்பலில் வேலை பார்த்த தாய்மாமன் ஜப்பானியத் துறைமுகம் ஒன்றிலிருந்து அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். மாங்கா என்கிற படக்கதை. அந்த எழுத்தைப் படிக்க வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணன் குமரகுரு, பதின்மூன்று வயதுக்காரன், படங்களைப் பார்த்துத் தானே கதை சொன்னான். முகமூடிக்காரனுக்கு அவன் வைத்த பெயர் துண்டு மாமா. குளித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டவர்போல் இருந்தாராம்.

"எந்தப் பக்கமிருந்து படிச்சீங்க?"

"நம்ம புத்தகம் படிக்கிற மாதிரிதான். இடப்பக்கமிருந்து."

நல்லம்மை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதை வலப்பக்கமிருந்து படிக்கணும், ஐயா."

"இந்த வருஷம்தான் தெரிஞ்சுது."

அண்ணனும் தம்பியும் அந்தக் கதையை முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் படித்திருந்தார்கள். அவர்களுடைய கதையில், வெள்ளத்தில் செத்துக்கிடந்த துண்டு மாமா எழுந்தார். கரையிலிருந்த ஒரு சிறுவனின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் கொண்டுபோய் விட்டார். எரியும் வீட்டுக்குள் ஆட்களை ஒவ்வொருவராக வைத்தார். கடைசியில் முகமூடியைக் கழற்றி, கையிலிருந்த நட்சத்திரத்தை வானத்திடம் திருப்பிக் கொடுத்து, மெலிந்த ஒரு பையனாகி, அம்மாவிடம் சோறு வாங்கித் தின்றார்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"அண்ணன் எல்லாத்துக்கும் காரணம் வச்சிருந்தான். நெருப்புக்குள்ள போறவங்களுக்குக் குளிருதாம். தண்ணிக்குள்ள போற பையன் அங்க இருக்கிற ஊர்க்காரனாம். வழி தவறிக் கரைக்கு வந்துட்டானாம். துண்டு மாமா வீட்டுல கொண்டுபோய் விடறாராம்."

கூரையிலிருந்து தாரை விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அதே வருஷம் கார்த்திகையில வாய்க்கால்ல வெள்ளம். வாழைத்தார் ஒண்ணு மிதந்து வந்துச்சு. அண்ணன் அதைப் பிடிக்க இறங்கினான்." பரஞ்சோதி தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். "மேல வரலை. உடம்பும் கிடைக்கலை."

"நீங்க?"

"கரையில நின்னேன்."

அவருடைய தாய் இன்னும் உயிரோடிருந்தார். ஆண்டுதோறும் ஒன்றையேதான் கேட்டார்: தான் கண்ணை மூடுவதற்குள் பெரியவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட வேண்டும். ஆண்டுதோறும் பரஞ்சோதி மறுத்தார். தண்ணீருக்குள் இருக்கும் தன் வீட்டுக்குப் போனவனுக்கு யாராவது எள் இறைப்பார்களா? வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த நம்பிக்கையில்தான் அவர் படித்தார், வேலைக்குப் போனார், மணம் செய்துகொண்டார், ஓய்வு பெற்றார்.

"இந்தத் தை அமாவாசைக்கு வரமாட்டேன்னு சொன்னா, அம்மா அடுத்ததுக்கு இருக்கமாட்டாங்க. டாக்டரே சொல்லிட்டாரு."

"இப்ப என்ன மாறிப்போச்சு?"

"சூசையோட போனு."

சூசை அந்த இல்லத்தில் சமைப்பவன். கஞ்சி கொதிக்கும்வரை கைபேசியில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் டம்ளரோடு அடுப்படிக்குப் போன பரஞ்சோதி, திரையில் அந்தத் துணி பறப்பதைக் கண்டார். பழைய மாங்காவை இப்போது அனிமே தொடராக எடுத்து, தமிழில் குரலும் கொடுத்திருந்தார்கள். துண்டு மாமாவுக்கு அதில் வஜ்ரன் என்று பெயர்.

நல்லம்மை குரல் கொடுத்தார். சூசை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"பரஞ்சோதி அண்ணன் மறுபடியும் அதைத்தான் கேட்டாரா? அம்மை, இவரு அந்த ஒரே பாகத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாக்கறாரு. என் போன்ல அந்த இடம் மட்டும் பள்ளம் விழுந்துரும்."

"அந்த இடத்தைப் போடு."

சூசை போட்டான். வெள்ளம் சுழித்தது. வஜ்ரன் தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு சிறுவனை இழுத்துக் கரையில் போட்டான். பிறகு கால் வழுக்கித் தானே விழுந்தான். இசை நின்றது. கரையில், திரையின் ஓரத்தில், இன்னொரு பையன் நின்றிருந்தான். அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது. அவன் கை நீட்டவில்லை. கத்தவுமில்லை. நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான்.

"வரிசை மாறிப்போனதைத் தாங்கிக்குவேன், அம்மை," என்றார் பரஞ்சோதி. "அண்ணன் கதை தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். இந்தப் பையன் யாரு? புத்தகத்துல இவன் இல்லை. ஒவ்வொரு கட்டமாத் தேடிட்டேன். எந்தப் பக்கத்துலயும் இல்லை. படம் எடுத்தவங்களுக்கு என்னை எப்படித் தெரியும்?"

"சும்மா கூட்டத்துக்குப் போட்டிருப்பாங்கண்ணே," என்றான் சூசை.

"வேற ஒருத்தரும் இல்லையேடா. இவன் ஒருத்தன்தானே நிக்கிறான்." பரஞ்சோதியின் குரல் தாழ்ந்தது. "பாக்கப் பாக்கக் கழுத்தை லேசாத் திருப்பறான், அம்மை. நேத்து காது தெரிஞ்சுது."

"ஐயோ அண்ணே, அது ஒரே படம். எப்பப் போட்டாலும் அதேதான் வரும்."

நல்லம்மை கைபேசியை வாங்கி மறுபடி ஓட்டினார். முகத்துக்கு அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சூசையிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் திரும்பலை," என்றார்.

சூசையின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஆசிரியை புத்தகத்தில் வெள்ளம் வரும் முதல் பக்கத்தைத் திறந்தார். வஜ்ரன் கரையில் நிமிர்ந்து நின்றான். அவனுக்கு அப்பால் வெள்ளம். வெள்ளத்துக்கு அப்பால் வானம். வேறு யாருமில்லை. அவர் தம் சுட்டுவிரலால் தண்ணீரும் வானமும் சேரும் கோட்டைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தக் கோடு இவரை எங்க தொடுது?"

"இடுப்புல. பட்டைக்கு நேரா."

"மழை குறைஞ்சிருக்கு. வெளிய வாங்க. சூசை, நீயும் வா."

"அடுப்புல கஞ்சி இருக்கு, அம்மை."

"கொதிக்கட்டும்."

உப்பளத்துக் கரை வழவழத்துக் கிடந்தது. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். தொலைவில் ஒரு கறுத்த கோடு மட்டும் இரண்டையும் பிரித்தது. ஆசிரியை சூசையைத் தண்ணீர் ஓரத்தில், இவர்களைப் பார்த்து நிற்கச் சொன்னார். பானை இறக்கும் கைப்பிடித்துணியை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

"நான்தான் வஜ்ரனா? தொப்பையோட வஜ்ரனை எவன் நம்புவான்?"

"பேசாம நில்லு. கையைப் பின்னால கட்டிக்க." பிறகு பரஞ்சோதியிடம் திரும்பினார். "தூரத்துல தெரியற கோடு சூசையை எங்க தொடுது?"

"கண்ணுகிட்ட."

"புத்தகத்துல இடுப்புல தொட்டுதே. அங்க வர வரைக்கும் குனியுங்க."

பரஞ்சோதி முதுகை வளைத்தார். கோடு சூசையின் தோளுக்கு இறங்கியது. இன்னும் குனிந்தார். மார்புக்கு வந்தது. முழங்காலைச் சேற்றில் ஊன்றி மண்டியிட்டார். கோடு கைப்பிடித்துணியைத் தொட்டு நின்றது.

தண்ணீர் இப்போது பெரிதாக இருந்தது. எதிரே நின்ற மனிதன் நெடியவனாக இருந்தான். இந்த உயரத்திலிருந்து அவர் ஒரு தண்ணீரைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு வளர்ந்துவிட்டார்.

"உங்களுக்கு இப்ப என்ன உயரம், ஐயா?"

"பத்து வயசு."

கேட்டது உயரம், சொன்னது வயது. ஆசிரியை திருத்தவில்லை.

"இந்தப் பக்கத்தை வரைஞ்சவரு எங்கிருந்து பாத்து வரைஞ்சிருக்காரு?"

"கரையிலேருந்து." பரஞ்சோதி சேற்றில் ஊன்றிய தம் முழங்காலைப் பார்த்தார். "இந்த உயரத்துலேருந்து."

"பையன் புத்தகத்துல இல்லைன்னீங்களே."

தூறலும் நின்றுவிட்டிருந்தது. சூசையின் காலடியில் தேங்கிய தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. அதில் சூசையின் உருவம் தலைகீழாக விழுந்தது. சூசையின் கைகள் பின்னால் கட்டியிருந்தன. தண்ணீரில் தெரிந்தவனின் ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. அந்தக் கை எதையோ பிடித்திருந்தது. இழுக்கிறதா, கூட்டிப் போகிறதா என்று தெரியவில்லை.

பரஞ்சோதி கண்ணை மூடித் திறந்தார். தண்ணீரில் கைகட்டிய சூசையும் மேகமும் மட்டும் இருந்தன.

"இருந்திருக்கான்," என்றார். "இத்தனை வருஷமா நான் அந்தப் பக்கத்தை அவன் கண்ணாலதான் பாத்துக்கிட்டிருந்திருக்கேன். அதனாலதான் அவன் தெரியலை."

"ம்."

"அப்ப நான் அங்கேருந்து வரவேயில்லையா, அம்மை? அண்ணனை உள்ள அனுப்பிட்டு அங்கேயே நின்னுட்டேனா?"

நல்லம்மை கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தை மூடினார். அவர் இதற்குள் சூசைக்குப் பக்கத்தில் போய், பரஞ்சோதிக்கு நேர் எதிரே நின்றிருந்தார். அவர்கள் இருவரையும் தவிர அந்தக் கரையில் வேறு யாரும் இல்லை. ஆயினும் பரஞ்சோதியின் பிடரியில் ஏதோ ஒரு வெதுவெதுப்பு பட்டு விலகியது, மீண்டும் பட்டது. யாரோ ஓடிவந்து, மூச்சு வாங்க, அருகில் நிற்பதுபோல் இருந்தது.

"புத்தகத்துல அவன் கண்ணால பாத்தீங்க," என்றார் ஆசிரியை. "படத்துல அவன் முதுகைப் பாத்தீங்க. அந்த முதுகைப் பாக்கணும்னா, அவனுக்குப் பின்னால யாரோ நிக்கணுமே. யாரு அது?"

பரஞ்சோதி திரும்பிப் பார்க்கவில்லை. மண்டியிட்ட இடத்திலேயே, இருட்டிக்கொண்டு வரும்வரை இருந்தார். சூசை கஞ்சியைப் பார்க்கப் போனான், அது அடிப்பிடித்திருந்தது. அன்று அதையே மூவரும் குடித்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

அந்த ஆண்டு தை அமாவாசையன்று, பொழுது புலர்ந்ததும், பரஞ்சோதி இம்முறை கரையில் நிற்காமல் தாமே இறங்கி, இடுப்பளவு கடலில் நின்று அண்ணனின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தார். தாயார் கரையில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்தார். ஐயருக்குத் தட்சிணையைச் சூசைதான் கொடுத்தான். கொடுக்க வேண்டியவர் நெடுநேரம் தண்ணீரைவிட்டு வரவில்லை. சூசைக்கு அந்தப் பணத்தை அவர் மாசி பிறந்த அன்று காலையில் திருப்பிக் கொடுத்தார்.