சுருளியின் காலி அறைகள்

இன்று அரியலூர்ப் பக்கம் முந்திரியும் சோளமும் விளைகிற இடத்தில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்தது. அந்தக் கடலில் சுருளி என்ற அம்மோனைட் வாழ்ந்தாள். நத்தைபோல் சுருண்ட ஓடு, கணவாய்போல் கைகள். வளர வளர ஓட்டை நீட்டி முன்னால் குடிபோவாள். பின்னால் சுவர் வைத்து, சுவர்களை ஊடுருவிப் போகும் மெல்லிய குழல் வழியே பழைய அறைத் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றுவாள். அப்படிப் பத்து அறைகள் காலியாகக் கிடந்தன.

கீழே சேற்றில் கொடுக்கன் என்ற நண்டு இருந்தான். மேலே சுறா திரிவதால் தரையை விட்டு நகரமாட்டான். ஆனால் சுருளியைப் பார்த்தாலே அவனுக்கு எச்சில் ஊறும்.

“தங்கச்சி, உனக்கு எத்தனை அறை?”

“பதினொன்று, அண்ணே.”

“குடியிருப்பது?”

“ஒன்றில்தான்.”

“அடக் கொடுமையே! பத்து அறையைச் சும்மா போட்டுவிட்டு ஒன்றில் ஒடுங்கிக் கிடக்கிறாயா? பார்க்கிறவர்கள் சிரிக்கமாட்டார்களா? தண்ணீராவது நிரப்பி வை. கனத்த வீடுதான் கௌரவம்.”

சுருளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை! அறை அறையாகத் தண்ணீரை உள்ளே விட்டாள். ஆறாவது அறையில் உடம்பு கனத்தது. ஏழாவதில் தொப்பென்று சேற்றில் விழுந்தாள்.

கொடுக்கன் ஓடி வந்தான். “வா தங்கச்சி, வா! உனக்காகத்தான் இத்தனை நாள் பட்டினி கிடந்தேன்.”

அப்போதுதான் சுருளிக்கு உறைத்தது. அந்தக் காலி அறைகள்தான் இத்தனை நாளும் அவளை மிதக்க வைத்திருந்தன. சட்டென்று உள்ளே ஒடுங்கி, ஓட்டின் வாயை மூடும் கதவைச் சாத்தினாள்.

கொடுக்கன் ஓட்டின்மேல் ஏறிக் கதவை நெம்பினான். கதவில் விரிசல் விட்டது. சுருளி தண்ணீரை உறிஞ்சித் தள்ளினாள். மூன்று அறை காலி. ஓடு அசையவில்லை. ஐந்து அறை. சேறு கலங்கியது. ஏழும் காலி! வழக்கமாக மிச்சம் வைக்கிற கொஞ்சத் தண்ணீரையும் இந்தத் தடவை அவள் விட்டுவைக்கவில்லை. நண்டையும் சுமந்துகொண்டு ஓடு விறுவிறுவென்று மேலே ஏறியது.

“அண்ணே, இறங்கிவிடு. மேலே சுறா!” என்று உள்ளிருந்தே கத்தினாள்.

“கைக்குக் கிடைத்ததை விடுவேனா?” என்று கொடுக்கன் இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

சுறா ஒரே கவ்வாகக் கவ்வியது. ஓட்டில் ஒரு கொடுக்கு மட்டும் தொங்கியது.

அடுத்த மாதம் சுருளி முன்னால் குடிபோனாள். பதினோராவது அறையையும் காலியாகவே விட்டாள்.

சும்மா கிடப்பதுபோல் தோன்றுகிற ஒன்று நமக்கு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல், அடுத்தவர் பேச்சைக் கேட்டு அதில் கை வைக்கக் கூடாது.