மாலையில விஷம்

முன்னொரு காலத்துல, ஆலங்கரை நாட்டை உக்கிரசேனன்னு ஒரு ராசா ஆண்டுக்கிட்டு இருந்தாரு. காலையில ஒரு சட்டம் போடுவாரு, மத்தியானம் தூங்கி எந்திரிச்சு அதையே மாத்துவாரு. மாத்தாம விட்டது ஒண்ணே ஒண்ணு. அதுதான் வினையாப் போச்சு.

ஒற்றர்கள் எல்லாரும் ஒண்ணு சேர்ந்தா நம்மளையே கவுத்துருவானுகளேன்னு ராசாவுக்குப் பயம். அதனால ரெண்டாப் பிரிச்சுட்டாரு. ஆத்துக்கு இக்கரையில நடக்கிறதைப் பாக்கிறது அகத்தார்ங்கிற கூட்டத்தோட பாடு, அதாவது பொறுப்பு. அதுக்குத் தலைவர் கொண்டல்ராயர். அக்கரையில நடக்கிறது புறத்தார் பாடு, அதுக்குச் சங்கிலிநாதர். ஒருத்தர் சேதிய இன்னொருத்தர்கிட்ட சொன்னா நாக்கு இருக்காது. ரெண்டு பேருக்கும் சட்டம் பாயசமா இனிச்சது. ஏற்கெனவே ஒருத்தர் நிழலை ஒருத்தர் மிதிக்க மாட்டாங்க.

ஒருநாள் சங்கிலிநாதர் ராசா காதுல ஓதுனாரு. "அரசே, அக்கரை ராசா ஆள் அனுப்பிட்டான். உங்களுக்குச் சாயங்காலம் விஷம்."

"எந்தச் சாயங்காலம்? எதுலய்யா?"

"ஆள் ஆத்தைத் தாண்டிட்டான் அரசே. இனிமே அது என் பாடு இல்லை."

அன்னையிலிருந்து பொழுது சாஞ்சா ராசா பச்சைத்தண்ணி தொடுறதில்லை. பசியில ராசாவுக்குக் கோபம் தலைக்கேறுச்சு. மந்திரி இருளப்பரைக் கூப்பிட்டாரு.

"ஓய் இருளப்பரே! வெள்ளிக்கிழமை சபை கலையறதுக்குள்ள அந்த ஆளைப் பிடிச்சுக் காட்டணும். இல்லேன்னா உம்ம தலை!"

இருளப்பருக்கு உக்காந்தா நிலைகொள்ளல, நின்னா கால் தரிக்கல. சங்கிலிநாதர் வீட்டுக்கு ஓடுனாரு.

"என்னய்யா கேள்விப்பட்டீரு? அட்சரம் பிசகாம சொல்லும்."

"உமக்குச் சொன்னா அந்தக் கொண்டலுக்குப் போயிரும். மாட்டேன்."

கொண்டல்ராயர் வீட்டுக்கு ஓடுனாரு.

"ஊருக்குள்ள புதுசா யாராச்சும் வந்திருக்கானா?"

"அக்கரையிலிருந்து வந்தவன்னா சங்கிலிகிட்ட கேளும். எனக்கெதுக்கு அந்தப் பொல்லாப்பு?"

வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. அன்னைக்குக் காலைச் சபையில ஊர்ப் பூக்காரங்க முறைவச்சு ராசாவுக்கு மாலை போடுறது வழக்கம். விஷம் சாயங்காலம்தானேன்னு ராசா நிம்மதியா உக்காந்திருந்தாரு. இருளப்பர்தான் வேட்டி நுனியை முறுக்குறதும் அவுக்கிறதுமா நின்னாரு. கடைசியா ஒரு யோசனை தட்டுச்சு. ரெண்டு பேரையும் பேசச் சொன்னா வாயே திறக்க மாட்டானுக, ஏசச் சொன்னா?

"அரசே, ஆளைப் பிடிக்க முடியல. ஆனா இந்த ரெண்டு தலைவர்ல ஒருத்தர் தண்டச்சோறு தின்னுறாருன்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு. அது யாருன்னு அவங்களே உங்ககிட்ட சொல்லட்டும். ராசாகிட்ட பேசுறது சட்டப்படி குத்தமில்லையே?"

நெருப்புல நெய் ஊத்துன மாதிரி ஆச்சு. ரெண்டு பேரும் ராசாவைப் பாத்துக்கிட்டே கத்துனாங்க.

"அரசே, அக்கரை ராசா வாயால 'மாலையில விஷம்'னு சொன்னதை அவன் கட்டிலுக்கடியில படுத்துக் கேட்டவன் என் ஆளு! இந்தக் கொண்டல் என்ன கிழிச்சாரு? கடைவீதியில கத்தரிக்காய் விலை விசாரிப்பாரு!"

"கட்டிலுக்கடியில பூனைகூடப் படுக்கும் அரசே! அக்கரையிலிருந்து ஒரு பூக்காரன் வந்து கடை போட்டிருக்கான், கையில துணியைச் சுத்திக்கிட்டுத்தான் பூவைத் தொடுறான். பூவைத் தொட பயப்படுற பூக்காரனை எங்கயாச்சும் பாத்ததுண்டா? சங்கிலிக்குத் தெரியுமா இது? அவர் கண்காணிக்க வேண்டிய அக்கரை ஆளு, என் தெருவுல திரியுறான்!"

இருளப்பருக்கு மண்டைக்குள்ள மணி அடிச்சுது. மாலையில... சாயங்காலமா? இல்லை, மாலைக்குள்ளயா?

திரும்பிப் பாத்தாரு. துணி சுத்துன கையில ரோசாப்பூ மாலையோட ஒருத்தன் சிம்மாசனத்துப் படியில நிக்கிறான். ராசா கழுத்தை நீட்டிக் குனிஞ்சிட்டாரு.

"அரசே, நிமிருங்க!"

கத்திக்கிட்டே இருளப்பர் பக்கத்துல நின்ன காவல்காரனோட ஈட்டியைப் பிடுங்கி, மாலையைக் கொத்தித் தூக்கி எறிஞ்சாரு. ஒரு தேனீ அதுல போய் உக்காந்துச்சு. உக்காந்தது எந்திரிக்கல.

காவலுக்கு நின்னவங்க பூக்காரனை அமுக்கிப் பிடிச்சாங்க. ராசா அவனைப் பாத்துக் கேட்டாரு. "ஏண்டா, இத்தனை ஒற்றர் சுத்துற ஊர்ல எப்படிடா தைரியமாக் கடை போட்டே?"

அவன் சிரிச்சான். "ரெண்டு பக்கத்து ஒற்றரும் என் கடைக்கு வந்தாங்க ராசா. அவங்க வந்தா, இவங்க வந்தாங்களான்னு கேட்டாங்க. இவங்க வந்தா, அவங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. நீ யாருடான்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல."

சபையே தரையைப் பாத்துச்சு. ரெண்டு தலைவரும் இன்னும் ஆழமாப் பாத்தாங்க.

"இந்த ரெண்டு கழுதைகளையும் கழுவுல ஏத்துங்க!"ன்னாரு ராசா.

"அவங்க காது கேட்டுச்சு, கண்ணு பாத்துச்சு அரசே. காதையும் கண்ணையும் பேசவிடாமப் பண்ணுனது சட்டம்"ன்னாரு இருளப்பர். சட்டம் யாரோடதுன்னு சொல்லல. சொல்லியா தெரியணும்?

ராசா தொண்டையைச் செருமுனாரு. "சரி, இப்ப என்ன செய்யலாம்ங்கிறீரு?"

"ஆத்துக்கு அந்தண்டை அவரும் இந்தண்டை இவரும் பாக்கட்டும். வேலையைப் பிரிங்க, சேதியைப் பிரிக்காதீங்க. அதோட, உங்க சாப்பாட்டை முதல்ல ருசி பாக்கிற உத்தியோகத்தையும் இவங்களுக்கே குடுங்க. காலைச் சாப்பாடு கொண்டல்ராயருக்கு, ராத்திரிச் சாப்பாடு சங்கிலிநாதருக்கு."

ராசா விழுந்து விழுந்து சிரிச்சாரு. தன் கழுத்து முத்தாரத்தைக் கழட்டி இருளப்பர்கிட்ட நீட்டுனாரு. மனுசன் அதையும் ஒருதரம் மோந்து பாத்துட்டுத்தான் போட்டுக்கிட்டாரு.

மறுநாள் விடியறதுக்கு முந்தியே கொண்டல்ராயர் வீட்டுக் கதவை யாரோ தட்டுனாங்க. திறந்தா, சங்கிலிநாதர்.

"அண்ணே, ஆத்துக்கு அக்கரையில நேத்து என்னென்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லிருறேன். சமையக்கட்டுல இன்னைக்கு யார் யார் இருக்காங்க, அதைக் கொஞ்சம் சொல்லுங்கண்ணே!"