மாதுளை முத்து நிற ஹால்

இது சிரிப்புக் கதைதான். ஆனால் சிரிப்பு இப்போது வராது. முதலில் பிச்சையா கத்தி முடிக்க வேண்டும். கத்த ஆரம்பித்தால் அவர் லேசில் முடிக்கிற ஆள் இல்லை.

இருபது வருடம் லாரி ஓட்டியவர் பிச்சையா. ஐம்பது வயதில் பெயிண்ட் வேலை கற்றுக்கொள்ள எஸ்தர் மேஸ்திரியிடம் சேர்ந்தார். மேஸ்திரிக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அவர் அவளை 'மேஸ்திரி' என்பார். அவள் அவரை 'அண்ணாச்சி' என்பாள்.

பாளையங்கோட்டையில் ஒரு புது வீடு. ஹாலுக்கு வீட்டம்மா கேட்ட நிறம், உரித்த மாதுளை முத்து.

"நாலு சுவருமா?" என்றார் பிச்சையா. "ஒண்ணுன்னா சரி. நாலும்னா பழத்துக்குள்ள குடித்தனம் பண்ணுத மாதிரில்லா இருக்கும்!"

"அவங்க குடித்தனம், அவங்க சுவரு. ஹால் உங்களுக்கு. பக்கத்து ரூம் வெள்ளை, அது தங்கச்சாமிக்கு," என்றாள் மேஸ்திரி.

பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் பக்கத்து அறைக்கு வந்த பிச்சையா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏலே தங்கச்சாமி! என்னலே இது, பச்சை?"

தங்கச்சாமி மேஸ்திரியிடம் வேலை பார்க்கிற இன்னொரு பெயிண்டர். ஏணியில் நின்றபடியே சுவரைப் பார்த்தான். "எது பச்சை?"

"இந்தச் சுவரு!"

"வெள்ளை அண்ணாச்சி."

"என்னைக் கிறுக்கன்னு நினைச்சியால?"

சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தாள். சுவரைப் பார்த்தாள். ஹாலை எட்டிப் பார்த்தாள். பிச்சையாவின் கண்ணைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

"வாளியில பச்சைச் சாயத்த ஊத்திட்டான் மேஸ்திரி! காலையில வெள்ளையைக் கலக்கினது நான். பழி என் தலையிலதான விழும்? நேத்து வீட்டம்மா முன்னாடி, 'அண்ணாச்சி, மூலை வருது, ஹார்ன் அடிச்சிட்டு பிரஷ்ஷைத் திருப்புங்க'ன்னு சிரிச்ச பயதான இவன்!"

"சிரிச்சது நிசம்," என்றான் தங்கச்சாமி. "சாயம் ஊத்தல."

"டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி. பேசுவோம்," என்றாள் மேஸ்திரி.

பிச்சையா டீ குடித்துவிட்டு வந்தார். சுவர் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. வேறு யாராவது என்றால் கோபம் அடங்கியிருக்கும்.

"பாத்தீங்களா! நான் அந்தப் பக்கம் போனதும் மேல வெள்ளையை இழுத்து மூடிட்டான், திருட்டுப் பய!"

"நான் ஏணிய விட்டு இறங்கவே இல்லையே."

"இறங்காமலே அடிச்சிருக்க!"

பிச்சையா வீசிய ரோலர் தரையில் விழுந்து உருண்டது. "ஒண்ணு இவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இன்னைக்கே முடிவு சொல்லுங்க மேஸ்திரி."

தங்கச்சாமியின் முகம் சுருங்கிப்போயிற்று. பிச்சையாவை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே அவன்தான்.

"கண்ணால பாத்தேன் மேஸ்திரி. கண்ணால பாத்ததுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மேஸ்திரி ரோலரை எடுத்து ஓரமாக வைத்தாள். "சரி. மத்தியானச் சாப்பாடு முடியட்டும், அனுப்பிருதேன். அதுக்கு முன்னாடி ஹால் சுவர்ல திட்டு தெரியுதான்னு பாத்திருங்க. மூக்கு சுவர்ல முட்டுத மாதிரி நின்னு, சாண் சாணா. கண்ணை வேற பக்கம் திருப்பக் கூடாது."

"பாக்கேன்! நல்லாவே பாக்கேன்!"

உச்சி வெயில் ஜன்னல் வழியாகக் கொட்டியது. ஒரு சுவரின் சிவப்பு எதிர்ச்சுவரில் பட்டு ஹால் முழுக்கத் தணலாகத் தகித்தது. பிச்சையா சாணுக்கு ஒரு வசவு வைத்துக்கொண்டே நகர்ந்தார். முதல் சாணுக்குத் 'திருட்டுப் பய'. அடுத்த சாணுக்கு 'நன்றி கெட்ட பய'. நாலாம் சுவருக்கு வருவதற்குள் தங்கச்சாமியின் மாமனார் வரைக்கும் போய்விட்டார்.

"போதும் அண்ணாச்சி, சாப்பிட வாங்க!" என்று வாசலிலிருந்து கூப்பிட்டாள் மேஸ்திரி.

விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார். அங்கேதான் அவர் வண்டி நின்றது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து வண்டிப் பெட்டியைத் திறந்தார். அவர் மனைவி கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்தார். மூடியைத் திறந்தார்.

தயிர்சாதம் பச்சையாக இருந்தது.

"ஏலே! இதுலயுமா கலந்துட்ட!"

வாசலில் சாப்பிட உட்கார்ந்திருந்த தங்கச்சாமியை அடிக்கப் போகிறவர் மாதிரி ஒரு எட்டு வைத்தார். கையில் சாவி குத்தியது. நின்றார். சாவியைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க, அவர் கண் முன்னாலேயே சோறு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது.

மெல்லத் திரும்பி ஹாலைப் பார்த்தார். நாலு சுவரும் மாதுளையாகச் சிவந்து கிடந்தன.

"மேஸ்திரி..." என்றார்.

"சிவப்பையே பாத்துக்கிட்டிருந்த கண்ணுக்கு வெள்ளை கொஞ்ச நேரம் பச்சையாத்தான் தெரியும். சாப்பிடுங்க அண்ணாச்சி. சாப்பிட்டுட்டு, யாரை அனுப்பணும்னு சொல்லுங்க."